குறைத்துச் சொன்ன வயது

— மெதுவாத் தேய்டா க்ளீவ், தோல் உரிஞ்சிடப் போகுது. அறுபது தாண்டின தோள்டா இது.

— சும்மா இரு லெம். பதினோரு வருஷம் நீ எறிஞ்ச பந்தைப் பிடிச்சவன் நான். எங்க வலிக்கும்னு உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும்.

— அப்போல்லாம் உடுப்பு மாத்துற இந்த ரூமுக்குள்ள விட்டானா நம்மள? கறுப்பங்க பேஸ்பால் டீமுக்கு மைதானத்தை வாடகைக்குக் குடுப்பான், ரூமை மட்டும் பூட்டிக்குவான். இன்னிக்குப் பாரு, லெமுவேல் ஹேர்ஸ்டன்னு என் பேரெழுதி துண்டு மடிச்சு வச்சிருக்கான்!

— ஆட்டத்தைத் தொடங்கி வைக்க மொதப் பந்து நீதான் எறியணும்னு மேயரே கூப்பிட்டிருக்காரு, பின்ன?

— நம்ம பஸ்ஸு ஞாபகம் இருக்கா? ஜன்னல் பூரா ஈரச் சட்டை காயும். ஜார்ஜியா முழுக்கச் சாப்பாட்டுக் கடைப் பின்வாசல்ல நின்னு பொட்டலம் வாங்கினோமே.

— உன் பந்தோட அடி தாங்காம கையுறைக்குள்ள பச்சை மாட்டுக்கறி வச்சுக்குவேன். ஆட்டம் முடிஞ்சா ஊர் நாயெல்லாம் என் பின்னாடி!

— அய்யோ, சிரிக்க வைக்காதடா! வயித்துக்குப் பத்தலதான். ஆனா அந்த மாதிரி அப்புறம் நான் சிரிச்சதே இல்ல க்ளீவ்.

— லெம்... வெளிய போறதுக்குள்ள ஒண்ணு சொல்லணும். கேட்டா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்ட. சொல்லாம இன்னிக்கு உன் பந்தைப் பிடிக்கவும் என்னால முடியாது.

— என்ன கழுதை, பீடிகை பலமா இருக்கு?

— நாப்பத்தெட்டாம் வருஷம், பெரிய லீக்குக்கு ஆள் பொறுக்க ஒரு வெள்ளைக்காரன் வந்தானே, வைக்கோல் தொப்பிக்காரன்.

— மறக்குமா? வெள்ளைக்காரங்க டீம்ல நம்மாளுங்களைச் சேர்க்க ஆரம்பிச்ச புதுசு. முப்பது தாண்டினவனைத் தொடமாட்டான்னு டீமே வயசைக் குறைச்சு சொல்லுச்சு. எனக்கு முப்பத்தஞ்சு, இருபத்தெட்டுன்னேன். உனக்கு முப்பத்துநாலு, நீ இருபத்தாறுன்னு கூசாம சொன்ன!

— அவன் என்னைத் தனியாக் கூப்பிட்டான். ‘லெமுவேலுக்கு நெஜமாவே என்ன வயசு’ன்னான். முப்பத்தஞ்சுன்னு சொல்லிட்டேன்டா.

— கையை எடு.

— எடுத்துட்டேன். நீ போயிட்டா நான் யார் பந்தைப் பிடிக்கிறது? அந்த நிமிஷம் அதுதான் தோணுச்சு. பாவி, உன் பொழப்பைக் கெடுத்துட்டேன். இருபத்தேழு வருஷமா நெஞ்சு அறுக்குது. திட்டு. ரெண்டு அறை வேணும்னாலும் குடு.

— எந்திரி. வெளிய பேண்டு வாசிக்க ஆரம்பிச்சுட்டான்.

— ஏதாவது சொல்லிட்டுப் போடா லெம்!

— என்னத்தச் சொல்ல? உனக்கு முன்னாடி அவன் என்னைத்தான் தனியாக் கூப்பிட்டான். உன் வயசைக் கேட்டான். நானும் உண்மையைத்தான்டா சொன்னேன்.