ஊசி நின்ற இடம்

— இப்ப படிச்சேனே, அந்த இடத்துல ஊசி நின்னுச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல.

— நின்னுச்சு, நின்னுச்சு. நீதான் கண்ணை எடுக்காம என் கையையே பார்த்துக்கிட்டு இருந்தியே.

— பின்ன? உங்க வாயை நம்பி ரேடியோ நாடகம் எழுத முடியுமா? இத்தனை வருஷத்துல என்னைக்காவது நல்லா இல்லன்னு சொல்லியிருக்கீங்களா? தையல்காரர் கை பொய் சொல்லாது. கதை பிடிச்சா தானா நிக்கும். பிடிக்கலன்னா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்.

— சரி கதாசிரியை. புது கெட்டில்ல போட்ட டீ ஆறுது பாரு. அந்த ஜன்னலையும் சாத்து. காத்துல இலையெல்லாம் உள்ள வந்து கோட்டுல ஒட்டுது.

— யாரோடது அது?

— எதிர் வீட்டு டிரைவரோடது. குளிர் வர்றதுக்குள்ள கோட்டுக்கு உள்பக்கம் தைச்ச உள்துணியை மாத்திக் குடுக்கணும். மூலையில இன்னும் எவ்ளோ கிடக்கு பார்த்தியா? இலை கொட்ட ஆரம்பிச்ச பிறகுதான் ஊர்ல எல்லாருக்கும் கோட்டு கிழிஞ்சது ஞாபகம் வருது.

— இந்தாங்க, போர்வையைக் கால்ல போட்டுக்கோங்க. ஒண்ணு சொல்லணும். ஸ்டேஷன்ல இருந்து மேனேஜர் போன் பண்ணாரு.

— என்னவாம்?

— நாடகம் கேக்கறவங்க குறைஞ்சுட்டாங்களாம். ஒரு வாரம் தீ, அடுத்த வாரம் விபத்து, அதுக்கடுத்து துப்பாக்கி, ஜனங்களைக் கொஞ்சம் மூச்சு விட விடுங்கம்மாங்கறாரு. நாளைக்குக் குடுக்கற பகுதியும் இப்படியே இருந்தா, அதோட நிறுத்திக்குவாங்களாம்.

— எதுவும் அளவா இருக்கணும். நூலை ரொம்ப இழுத்தா துணி சுருங்கிடும்.

— இதை இப்ப சொல்றீங்க. வாரா வாரம் ஊசியை நிறுத்தி நிறுத்தி என்னை ஏத்தி விட்டது யாரு? மாடியில தீ வெச்சேன், நின்னுச்சு. ஓகோ, இதான் வழியா, அப்படின்னு காரை மோத விட்டேன், நின்னுச்சு. துப்பாக்கி எடுத்ததும் ரெண்டு தடவை நின்னுச்சு.

— ம்.

— என்ன ம்? எனக்கே அலுத்துப் போச்சுங்க. யாரையாவது சாகடிக்காம ஒரு பக்கம் தாண்ட முடியல. சாயங்காலமானா கையெல்லாம் வலிக்குது.

— அப்ப சாகடிக்காம எழுதேன்.

— எழுதிட்டேன். மத்தியானம் தனியா உட்கார்ந்து எழுதினேன். கேளுங்களேன். அவ சமையல்கட்டுல ரெண்டு டம்ளர் எடுக்கறா. யோசிச்சுட்டு ஒண்ணைத் திரும்ப அலமாரியில வெக்கறா. வாசல் பக்கம் செருப்புச் சத்தம். வெச்ச டம்ளரை அவசரமா எடுக்கறா. செருப்புச் சத்தம் நிக்காம அடுத்த வீட்டுக்குப் போயிடுது. அவ்ளோதான்.

— நல்லா இருக்கு. இது நிஜமாவே நல்லா இருக்கு.

— நிஜமாவேன்னா? இதுக்கு முன்ன சொன்னதெல்லாம்?

— வார்த்தையைப் பிடிச்சுக்காத. ஊசிதான் நின்னுச்சுல்ல? இதையே கொண்டு போய்க் குடு.

— நின்னுச்சு. ஆனா அவ டம்ளரையே தொடல, அதுக்குள்ள நின்னுச்சு.

— அசதி. வெளிச்சமும் போதல.

— இருங்க. இன்னொண்ணு படிக்கறேன், தைச்சுக்கிட்டே கேளுங்க. மூடியைத் திறக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும். குறியிட்ட அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஈரக் கையால்...

— அப்புறம்? ஈரக் கையால தொட்டுட்டானா? யாரு, புது வில்லனா?

— இது கெட்டிலோட வந்த காகிதம். இதுக்கும் ஊசி நிக்குது.

— அட, விடு. டீயைச் சுட வெச்சுக் கொண்டா.

— கையைக் காட்டுங்க.

— விடுன்னு சொல்றேன்ல.

— காட்டுங்க முதல்ல. ஐயோ, ஊசி விரல்ல ஏறியிருக்கு. ரத்தம் உள்துணி எல்லாம் இறங்கியிருக்கு. வலிக்கலையா உங்களுக்கு?

— இல்ல. இந்த ரெண்டு விரலும் வேற யாரோடதோ மாதிரி இருக்கு. ஊசியைப் பிடிச்சிருக்கேனா இல்லையான்னே தெரியறதில்ல. கண்ணால பார்த்துப் பார்த்துதான் தைக்கறேன். பார்வை கொஞ்சம் விலகினா நின்னுடுது.

— எப்பலேருந்து இப்படி? ஏன் என்கிட்ட சொல்லல?

— நீ மாடியில தீ வெச்சியே, அன்னைக்குத்தான் முதல்ல. ஊசி கையில இருந்து நழுவிச்சு. சொல்லலாம்னுதான் நிமிர்ந்தேன். நீ காகிதத்தைக் கீழ போட்டுட்டு, நின்னுடுச்சு நின்னுடுச்சுன்னு சின்னப் பொண்ணு மாதிரி சிரிச்சுக்கிட்டு இருந்த.