மெதுவாக ஏற்றிய காந்தம்

ஈஸ்டர் நோன்புக்கு முன்னால் வரும் கொழுத்த வியாழனன்று பொன்ச்கி என்னும் பொரித்த இனிப்பு பன் தின்னாதவனுக்கு அந்த வருடம் விளங்காது என்பது எங்கள் வார்சா நம்பிக்கை. நான் காலை எட்டு மணிக்கே இரண்டு தின்றுவிடுவேன், ரோஜா ஜாம் வைத்தது. என் உடைந்த படிகத்தைக் கண்காட்சியில் வைக்க எடுத்தபோது அதன்மேல் ஜாம் கறை எப்படி வந்தது என்று கண்காட்சிக் குழுவினர் நீங்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

மாங்கனீசு கலந்த அந்தப் படிகம் நகத்தைவிடச் சிறியது. கடுங்குளிரில் வைத்துக் காந்தப்புலத்தை ஏற்றினால், ஓரிடத்தில் உள்ளிருக்கும் எலக்ட்ரான்கள் கூட்டமாகத் தலைதிருப்பும். மின்தடையில் ஒரு கூர்முனை எழும். புலத்தை இறக்கும்போது அதே முனை வேறிடத்தில் எழுந்தது. எலக்ட்ரான்கள் காந்தமாகிப் பிடிவாதம் பிடிக்கின்றன என்று எழுதினேன். அந்த இடைவெளிதான் என்னைப் பேராசிரியர் ஆக்கியது. மற்றவர்களின் படிகங்களில் அது வரவில்லை. அதனால் என் படிகத்தின் மதிப்பு இன்னும் கூடியது.

என் ஆய்வு மாணவி யகோடா நல்ல பெண்தான். பதறாத காரியம் சிதறாது என்பார்கள்; அவள் பதறவில்லை, சிதறவிருந்தது என் பெயர். நான் பத்து நிமிடத்தில் ஏற்றும் புலத்தை அவள் ஒரு நாள் முழுக்க ஏற்றினாள். மறுநாள் கொழுத்த வியாழன். காலையில் வந்து நின்றாள்.

"புரொபசர், மெதுவா ஏத்தி இறக்கினா ரெண்டு முனையும் ஒரே இடத்துல வருது. பிடிவாதம் எலக்ட்ரானுக்கு இல்ல. மீட்டர் காட்டுறதுக்குப் பின்னாடியே நம்ம காந்தம் இழுத்துக்கிட்டு வருது."

"ஒரு தடவை பாத்தா போதுமாம்மா?"

"நாளைக்கு மறுபடி அளக்குறேன். ஒரு கம்பி விட்டுப்போச்சு, படிகத்த வெளிய எடுத்து டப்பாவுல வச்சிருக்கேன்."

ஆய்வகத்துக்கே பொன்ச்கி வாங்கிவர அவளை அனுப்பினேன். கடை வரிசை தெருக்கோடிவரை நிற்கும் நாள். டப்பாவைத் திறந்து கட்டைவிரலால் அழுத்தினேன். அப்பளம் மாதிரி இரண்டாயிற்று. வருத்தமாகத்தான் இருந்தது. அதை வளர்த்துக் கொடுத்தவர் இறந்துவிட்டார். இனி அப்படியொன்று கிடைக்காது, யாரும் அளந்து பார்க்கவும் முடியாது.

திரும்பி வந்த யகோடா, தன் இடுக்கிதான் உடைத்துவிட்டது என்று அவளாகவே முடிவுகட்டினாள். நான் எதுவும் சொல்லவில்லை. பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. கையில் பொன்ச்கிப் பொட்டலத்தோடு அழுது மன்னிப்புக் கேட்டாள். அந்த மாதமே ஆய்வை விட்டாள். இப்போது லோட்ஸ் நகரத்தில் சமையலறை அலமாரி விற்கிறாளாம்.

கறையில் இருப்பது என் விரல்ரேகைதான். கையைத் துடைத்திருக்கலாம்; அது என் கவனக்குறைவு. மற்றபடி என் மனதில் ஒன்றுமில்லை. யகோடாவைப் பார்த்தால் சொல்லுங்கள்: படிகம் உடைந்ததற்காக அவளை நான் அன்றே மன்னித்துவிட்டேன்.