புது வைக்கோலில் வைத்த உப்பு பீர்

பெயர் ஜோஸ்வா, வயது 33, தகப்பனார் பெயர் பெரியநாயகசாமி, வேதாரண்யம் தாலுகா, மாதா கோவில் பின்தெரு. தொழில், சிங்கப்பூரில் பீர் காய்ச்சி விற்கும் உணவகம் ஒன்றில் உதவியாளர். 2009 பிப்ரவரி 26ஆம் தேதி பகல் பதினொரு மணிக்கு, யாரும் அழைக்காமல் தானாகக் காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொல்லியது:

நான் விடுமுறையில் ஜனவரி 20ஆம் தேதி ஊருக்கு வந்து என் அக்கா விண்ணரசி வீட்டில் தங்கியிருக்கிறேன். மச்சான் மஸ்கட்டில் இருக்கிறார். அக்காவின் மாடுகளையும் வைக்கோல் போரையும் ஐயாவு என்பவர் கவனித்து வருகிறார். இந்த மாதம் 21ஆம் தேதி அக்கா வீட்டுக் கொட்டகையில் பாட்டில் வெடித்தது சம்பந்தமாக ஐயாவு கைதாகியிருக்கிறார். அந்தப் பாட்டில்கள் என்னுடையவை. அவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பாட்டிலில் இருந்தது சாராயம் அல்ல, பீர். காய்ச்சி வடித்தது அல்ல, புளிக்க வைத்தது. பீர் என்றால் சாதாரணமாக முளைகட்டிக் காயவைத்த பார்லி, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ, ஈஸ்ட், தண்ணீர், அவ்வளவுதான். அது சலித்துப்போனவர்களுக்காக எங்கள் உணவகத்தில் மாம்பழம், காப்பிக்கொட்டை, புகை காட்டிய பார்லி என்று எதையாவது சேர்த்துத் தனி வகைகள் காய்ச்சுவோம். உப்பும் கொத்தமல்லி விதையும் போட்ட புளிப்பு பீர் அதில் ஒன்று. முதலாளி அதற்கு உப்பைப் பாக்கெட்டில் வாங்குவதைப் பார்த்து, எங்கள் ஊரில் உப்பு மலை மலையாகக் கிடக்கிறது என்று வாயைக் கொடுத்தேன். அப்படியானால் உன் ஊர்ச் சாமானை வைத்து ஒன்று காய்ச்சிக் கொண்டு வா, நன்றாக இருந்தால் புதுக் கடையில் உன்னையே காய்ச்சுகிற ஆளாகப் போடுகிறேன் என்றார். ஆறு வருடம் தொட்டி கழுவிய எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு பெட்டியில் கொண்டுவந்த பார்லியோடு மாப்பிள்ளைச் சம்பா அரிசியை வேகவைத்துச் சேர்த்து, இனிப்பு இறங்கியதும் வடிகட்டி, புளிப்புக்காகப் பழைய சோற்று நீராகாரம் இரண்டு டம்ளர் ஊற்றி ஒன்றரை நாள் மூடி வைத்தேன். அதன் பிறகு கொதிக்க வைத்து, உப்பளத்து உப்பும் மல்லியும் போட்டு, ஆறியதும் ஈஸ்ட் தூவினேன். புளித்து முடிந்ததா என்று பார்க்கும் கண்ணாடி மிதவை பெட்டியிலேயே உடைந்துவிட்டது. நுரை அடங்கியதை வைத்து முடிந்தது என்று நானே சொல்லிக்கொண்டேன். பிப்ரவரி 9ஆம் தேதி இருபத்துநான்கு பாட்டிலில் ஊற்றி, உள்ளே வாயு பிடிக்கக் கருப்பட்டித் தூளைக் கண் அளவாகப் போட்டு மூடினேன். அனுமதி இல்லாமல் வீட்டில் இதைச் செய்வது குற்றம் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அதன் பிறகு பாட்டில்களை அக்கா கண்ணில் படாமல் கொட்டகை வைக்கோலுக்குள் புதைத்தேன். வாழைத்தாரை அப்படித்தான் மூடி வைப்போம், வெயிலும் படாது, உடையவும் உடையாது என்று கணக்குப் போட்டேன். அறுவடை முடிந்து வந்த புது வைக்கோல் அது. ஐயாவு பார்த்துவிட்டு, “ஈரம் காயல தம்பி, உள்ள சுடும்” என்றார். இது சோடாதான், அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் சொல்லவில்லை. 20ஆம் தேதி வைக்கோலுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். இறக்கி வைத்த சோற்றுப் பானை மாதிரி சுட்டது. சூடு ஏறினால் உள்ளே வாயு பெருகிப் பாட்டில் வெடிக்கும். சிங்கப்பூரில் இப்படி ஒரு சூட்டில் பாட்டிலை வைத்திருந்தால் அன்றே என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, விமான டிக்கெட்டை உறுதி செய்ய நாகப்பட்டினம் பஸ் ஏறினேன், வீடு திரும்ப இரவாகிவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஐயாவு வரத் தாமதமானதால் அக்காவே மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனார். சத்தம் கேட்டு ஓடினேன். முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கையை எடுக்க மாட்டேன் என்றார். அதன் பிறகு வண்டியில் ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அவர் தலைமுடியில் கொத்தமல்லி வாசனை வந்தது. பீர் நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மதியம் அதிகாரிகள் வந்து கொட்டகையைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டார்கள். நான், “வைக்கோல் போரை ஐயாவுதான் பாத்துக்குவாரு” என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர் மேல் பத்து வருடத்துக்கு முந்தைய சாராய வழக்கு ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்துதான் சொன்னேன். “தம்பியவே கேளுங்க” என்று ஐயாவு சொன்னார். நான் போனில் பேசுவதுபோல் திரும்பிக்கொண்டேன். மார்ச் 8ஆம் தேதி எனக்கு விமானம். வழக்கு என்று ஒன்று வந்தால் திரும்பிப் போக முடியாது.

அதன் பிறகு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு வலது கண்ணை எடுத்தார்கள். இடது கண் தேறுமா என்று இன்னும் சொல்லவில்லை. நேற்று விபூதி புதன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயாவு மேல கேஸ் வேணாம்டா. தெரியாம வச்சிருப்பாரு. நான் மன்னிச்சிட்டேன்னு போய்ச் சொல்லு” என்றார். சரி அக்கா என்றேன். வெளியே வந்து தஞ்சாவூர் பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மன்னிப்பு ஐயாவுக்குத் தேவையில்லாதது. தேவைப்பட்டவன் நான், எனக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை.

ஐயாவுவை விடுவிக்க வேண்டும். பாஸ்போர்ட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். நான் சொன்னதை எழுதியவர் வாசித்துக் காட்டினார், சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, யார் தூண்டுதலும் இல்லை. இதன் நகல் ஒன்று எனக்கு வேண்டும். அக்காவின் இரண்டு கண்ணிலும் கட்டு இருப்பதால் அதை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

(ஒப்பம்) பெ. ஜோஸ்வா