பத்துக்குப் பத்து வாங்கிய தக்காளி

— ஆடாதீங்க தம்பி. கத்தி கழுத்துகிட்ட இருக்கு. உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கணும்.

— அது வந்து மாஸ்டர், கத்தியை எடுத்துட்டுக் கேட்டாலும் நான் பதில் சொல்ற ஆளுதான்.

— ஒழுங்கா ஒண்ணொண்ணா வருவோம். நாலு மாசத்துக்கு முன்னாடி இதே நாற்காலியில உக்காந்து நீங்களாத்தான் பேச்சை எடுத்தீங்க. செர்ரி தக்காளின்னு ஒண்ணு இருக்கு, கோலிக்குண்டு அளவுதான், திராட்சை மாதிரி இனிக்கும், மாடியில தொட்டி வச்சு வளருங்கன்னீங்க. அன்னிக்கே உங்க விதைக்கடைக்கு வந்து அஞ்சு ரகத்துல அஞ்சு பாக்கெட் வாங்கினேன்.

— ஆமா. காய்ச்சிருக்கா?

— சலூன் மொட்டைமாடியில வந்து பாருங்க, ஆள் நடக்க வழி இல்ல. தொட்டிக்கெல்லாம் வெட்டின முடியைத்தான் பரப்பியிருக்கேன், ஈரம் காயாம இருக்கும்னீங்களே. உங்க முடியும் அதுல இருக்கு.

— பக்கக் கிளையெல்லாம் எடுத்து விட்டீங்களா?

— காதோரம் வளர்றதை எடுக்க எனக்கு நீங்க சொல்லித் தரணுமா? வாரா வாரம் கத்தரிதான். விஷயம் அது இல்ல. என் சம்சாரம் மக பிரசவத்துக்குப் போனவ, இன்னிக்குச் சாயங்காலம் திரும்பி வர்றா. அவளுக்குச் சர்க்கரை.

— ம்.

— ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் ரத்தம் கொடுத்தோம். அவதான் போய் ரிப்போர்ட் வாங்கிட்டு வந்தா. எனக்கு ஒண்ணுமில்ல, அவளுக்கு ஏறிப்போச்சு. அன்னிக்கே வீட்ல இருந்த சர்க்கரை டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டுல கொடுத்துட்டா. டீகூட வெறும் டீதான்.

— நீங்களுமா?

— பின்னே? அவ வாயைக் கட்டிக்கிட்டு இருக்கறப்ப எதிர்ல உக்காந்து நான் மட்டும் தின்னா நல்லாவா இருக்கும்? அவ ஊர்ல இல்லாட்டியும் மனசு வரல. நாக்கு செத்துப் போச்சு. பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது. அது கிடக்கட்டும். அளவா நாலு செர்ரி தக்காளி தின்னா தப்பில்லன்னு டாக்டர் சொன்னாராம். அவ வர்றப்ப நானே வளத்ததா, இனிப்பா ஒண்ணு கையில கொடுக்கணும். இந்த நாலு மாசமும் அதுக்குத்தான் ஓடினேன். போன்ல சொன்னேன். என்னத்தைக் கிழிச்சீங்கன்னு வந்து பாக்கறேன்னா.

— சந்தோஷமா அஞ்சையும் ஒரு தட்டுல வச்சுக் கொடுங்க மாஸ்டர்.

— அவளை உங்களுக்குத் தெரியாது. எதுக்கும் ஒரே ஒரு வாய்ப்புதான் கொடுப்பா. கல்யாணமான புதுசுல ஒரு நாள் நான் சமைச்சேன், அடி பிடிச்சுது. இருபத்தாறு வருஷமா என்னை அடுப்புப் பக்கம் விட்டதில்ல. முதல் பழம் புளிச்சுதுன்னு வைங்க, தொட்டி மொத்தமும் தெருவுல கிடக்கும். அதனால அஞ்சுல ஒண்ணைத்தான் கொடுக்கணும். எதைன்னு நீங்க சொல்லணும்.

— அது வந்து, நீங்களே தின்னு பாத்தா தெரிஞ்சிடப் போகுது.

— மாட்டேன். முதல் பழம் அவ வாய்க்கு. அதுவரைக்கும் தொடறதில்லன்னு சபதம்.

— மூணு வாரமா பழுத்துக்கிட்டு இருக்குமே. முதல் பழம் எங்க போச்சு?

— வாடிக்கைக்காரங்க வயித்துக்கு. அவங்க பரிசோதனை, நான் புருஷன். ரெண்டும் வேற. தனியா நோட்டு போட்டிருக்கேன். வர்றவங்களுக்கு அஞ்சு ரகத்துலயும் ஒவ்வொண்ணு கொடுத்து, பத்துக்கு எத்தனைன்னு கேட்டு எழுதறது. நாப்பத்திரண்டு பேர் எழுதியாச்சு.

— இவ்வளவு முறையா நானே செஞ்சதில்ல மாஸ்டர். அப்ப எதுக்கு மார்க் அதிகமோ அதைக் கொடுக்க வேண்டியதுதானே?

— அங்கதான் சிக்கல். எல்லாத்துக்கும் பத்துக்குப் பத்து. பக்கத்துப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர், பெத்த பிள்ளைக்கே முழு மார்க் போடாத மனுஷன், அஞ்சுக்கும் பத்துப் பத்தாப் போட்டுட்டார். ஆட்டோக்காரர் பதினொண்ணு போடலாமான்னு கேட்டார்.

— மாஸ்டர், அவங்ககிட்ட எப்பக் கேப்பீங்க?

— பாதிச் சவரத்துல. அப்பத்தானே ஓட மாட்டாங்க.

— அப்பக் கத்தி எங்க இருக்கும்?

— கையில. வேற எங்க இருக்கும்?

— கழுத்துக்கு நேராவா?

— ஏன் அப்படிப் பாக்கறீங்க?

— நானா இருந்தா நூறு போட்டிருப்பேன்.

— அட. அப்ப நாப்பத்திரண்டு பேரும்...

— உயிர் மேல ஆசை உள்ளவங்க.

— ஒரே ஒரு ஆள் மட்டும் முகத்தைச் சுளிச்சுத் துப்பினான். ரெண்டு வயசு, அப்பன் கூட வந்தவன். விவரம் தெரியாத பிள்ளைன்னு நான் நோட்டுல ஏத்தல.

— அவன் ஒருத்தன்தான் நியாயமாச் சொன்னவன்.

— சரி. கத்தியை இந்தா அலமாரியில வச்சுட்டேன். கிண்ணத்துல அஞ்சு ரகமும் இருக்கு. வாயைத் திறங்க. பொய் சொல்லக் கூடாது. இது கொத்துச் சிவப்பு.

— தண்ணியா இருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்தறீங்க?

— மூணு. கடை திறக்கறப்ப, மத்தியானம், மூடறப்ப.

— பழுக்க ஆரம்பிச்சதும் தண்ணியைக் குறைக்கணும் மாஸ்டர். நீங்க இனிப்பைக் கழுவி விட்டிருக்கீங்க.

— பாசத்துல ஊத்தினது. இது பேரிக்காய் மாதிரி இருக்கற மஞ்சள்.

— பாக்கத்தான் அழகு. உள்ள ஒண்ணுமில்ல.

— என் மூத்த மாப்பிள்ளை மாதிரி. சரி, இது கறுஞ்சிவப்பு.

— இது நல்ல ருசி. ஆனா இனிப்போட உப்பும் புளிப்பும் கலந்து வரும். மெதுவாத் தின்னு பாக்கறவங்களுக்கு.

— அவ மெதுவா எதுவும் செய்யறவ இல்ல. மிளகு சைஸ்ல இருக்கே, இது?

— தோல் தடிப்பு. பல்லுல மாட்டுது. அடுத்ததைக் கொடுங்க.

— கடைசி. ஆரஞ்சு.

— இது ஆரஞ்சு இல்ல, மஞ்சள். அவசரப்பட்டுப் பறிச்சிருக்கீங்க. நல்லா நிறம் ஏறி, தொட்டாலே கையில வந்து விழணும். அப்பத்தான் பறிக்கணும்.

— மாடியில அப்படி ஒரு கொத்து இருக்கு. இருங்க, ஓடிப் போயிட்டு வர்றேன்.

— மாஸ்டர், ஒரு கன்னம் அப்படியே இருக்கு. யாராவது உள்ள வந்தா என்ன நினைப்பாங்க. மாஸ்டர்... போயிட்டாரு.

— இந்தாங்க. வெயில் பட்டுச் சூடா இருக்கு. எப்படி இருக்கு?

— இன்னொண்ணு கொடுங்க.

— முதல்ல மார்க்.

— கத்தி எங்க இருக்கு?

— அலமாரியில.

— அப்ப ஒன்பதரை.

— நிஜமா?

— அந்த அரை மார்க்கைத் தண்ணி ஊத்தினதுக்குக் குறைச்சேன். இதையே கொடுங்க மாஸ்டர், அக்கா வாயடைச்சுப் போவாங்க. ஆனா முதல்ல நீங்க ஒண்ணு வாயில போட்டுப் பாருங்க. நாக்கு செத்துப் போச்சுன்னீங்களே.

— அவ தின்னட்டும், அப்புறம் நான். இதுக்கு மேல வற்புறுத்தாதீங்க. அவளே உங்களை அனுப்பி வச்ச மாதிரி பேசறீங்க.

— அது வந்து... சவரத்தை முடிங்க மாஸ்டர், கடை திறந்து கிடக்கு.

— உங்க சட்டைப் பையில போன் அடிக்குது.

— அடிக்கட்டும். அப்புறம் பேசிக்கறேன்.

— கை துணிக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு, எடுத்துத் தர்றேன் இருங்க. யாரோ அக்கான்னு போட்டிருக்கு. அதுக்கு முன்னாடி என்னமோ எழுதியிருக்கு, கண்ணாடி இல்லாம படிக்க முடியல.

— கண்ணாடி இல்லாமயா இவ்வளவு நேரம் சவரம் பண்ணினீங்க?

— சவரத்துக்கு எதுக்குக் கண்ணாடி? அது கைப்பழக்கம். காதெல்லாம் நுரையா இருக்கு, ஸ்பீக்கர்ல போடறேன். பேசுங்க.

— வேண்டாம் மாஸ்டர், வேண்டாம், கட் பண்ணிடுங்க...

— தம்பி, நான்தான், சலூன்கார அக்கா. முன்னாடி பஸ்ஸே கிடைச்சுது, இப்பத்தான் இறங்கினேன். வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒண்ணு கேட்டுக்கறேன்: நீங்க பேச்சைப் போட்டு வளக்க வச்ச அந்தத் தக்காளியையாவது வாய்க்கு ருசியா நாலு தின்னாரா, தனக்குன்னா வாயைக் கட்ட மாட்டாருன்னு எனக்குன்னு நான் சொன்ன சர்க்கரை ரிப்போர்ட் அவரோடதுன்னு மனுஷன் இன்னும் கண்டுபிடிக்கலையே?