இரண்டாவது வராது

இந்த அறைக் கதவு கடைசி அங்குலத்தில் போய் நின்றுவிடுகிறது, கவனித்தீர்களா? நீங்கள் வெளியே போகும்போதெல்லாம் அது முக்கால்வாசி சாத்திக்கொண்டு, அப்புறம் மூடுவதா வேண்டாமா என்று யோசிக்கிறது. மேலே இருக்கும் சின்னத் திருகை அரைச் சுற்றுத் திருப்பினால் சரியாகிவிடும். குறை சொல்லவில்லை. பழுதான ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். கால் ஆட ஆரம்பித்துவிடும். இப்போது ஆடுவதும் அதனால்தான், பயத்தினால் இல்லை.

என் பெயர் யுவனேஸ்வரன். சிங்கப்பூர்க்காரன். படிக்க லண்டனுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனால் மற்றவர்கள் அதை எப்படியோ ஓடவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது ஏன் நின்றது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாமல் அந்த இடத்தைவிட்டு நகர மனசு கேட்காது. என் மனைவி வான்மதி என்னை விட்டுப் போன அன்று நான் சமையலறைக் குழாய்க்கு அடியில் படுத்திருந்தேன். அவள் போய்விட்டது சாயங்காலம்தான் தெரிந்தது. அந்தக் குழாய் இன்றைக்கு வரைக்கும் சொட்டுவதில்லை.

நிர்மலனைப் பற்றிக் கேட்டீர்கள். பிளேஸ்டோவில் எனக்கு அடுத்த தெரு. மன்னார்க்காரன், இரும்பு கடையும் பட்டறையில் வேலை, நல்ல கை. அவன் மனைவி அஜித்தா. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் எனக்கும் ஒரு தட்டு வைப்பார்கள். நான் வேறு சாமி கும்பிடுகிறவன் என்று அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. அஜித்தா என்னை அண்ணை என்பாள், நான் அவளைத் தங்கச்சி என்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் எதுவும் கிடையாது. ஏதாவது இருந்திருந்தால் இந்த வழக்கு உங்களுக்குச் சுலபமாகப் புரிந்திருக்கும். அதற்கு நான் என்ன செய்ய?

நிர்மலன் குடிப்பான். குடித்தால் அவளை அடிப்பான். அந்தக் கோயில் பங்கில் எல்லோருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். போன வருடம் பிப்ரவரியில், லூர்து மாதா திருநாளில் அது சந்திக்கு வந்தது. மாதாவின் சிலையை, சுருவம் என்பார்கள், கூட்டில் வைத்து, நாலு பேர் தோளில் தூக்கி, கோயிலைச் சுற்றி வருவார்கள். முன்பக்க வலதுதடி நிர்மலனுடையது. ஊரில் அவன் தகப்பனும் அதே இடத்தில்தான் தோள் கொடுத்தாராம். அவன் குனிந்து தடியைப் பிடிக்கப் போன சமயம், அஜித்தாவின் தமையன் கஸ்பர் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"பொம்பிளையை அடிச்ச கையாலை மாதாவைத் தூக்க ஏலாது. தள்ளி நில்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் பாட்டு நின்றிருந்த நேரம். கடைசி வரிசைக்கும் கேட்டுவிட்டது. கஸ்பரே அந்தத் தடிக்குத் தோள் கொடுத்தான். நிர்மலன் சுருவத்துக்குப் பின்னால், பெண்களோடு நடந்து வந்தான்.

அதன் பிறகுதான் தோட்டத்துக் கொட்டிலில் அதைச் செய்ய ஆரம்பித்தான். எப்படிச் செய்தான், எதையெல்லாம் எங்கே வாங்கினான் என்பது உங்கள் ஆட்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்னிடம் வந்தபோது அது முழுத் துப்பாக்கியாக இருந்தது. ஒவ்வொரு தடவை விசையை அழுத்தும்போதும் ஒரு குண்டு போய், அடுத்தது தானாக வந்து உட்கார வேண்டும். அதுதான் உட்காரவில்லை.

என்னை ஏன் கூப்பிட்டான் என்றால், அது என் வாய்க்கொழுப்பு. சிங்கப்பூரில் ஆண்பிள்ளை என்றால் ராணுவத்துக்குப் போயாக வேண்டும். என்னைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் பிரிவில் போட்டிருந்தார்கள். எப்போதோ ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் பெருமைக்காகச் சொல்லிவைத்தேன். அவன் மறக்கவில்லை.

"அண்ணை, முதலாவது வடிவாப் போகுது. ரெண்டாவது வருதில்லை," என்றான். "பாதியிலை இறுகி நிக்குது. எனக்கு விசராக்குது."

"எதுக்குப்பா இது?" என்று கேட்டேன்.

"வாற திருநாளுக்கு. மாதா வெளிக்கிடேக்கை கஸ்பர் நிண்ட இடத்திலை விழுவான்."

இதை என் காதால் கேட்டேன். கேட்கவில்லை என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. ஆனால் கோபத்தில் மனிதன் ஆயிரம் சொல்வான். எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவன் அதை என் கையில் கொடுத்துவிட்டான். இழுத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. ஒரு தடங்கலும் இல்லை. அப்படியானால் ஏன் நிற்கிறது? அந்தக் கேள்வி அன்றைக்கு உள்ளே நுழைந்ததுதான்.

எசெக்ஸ் பக்கம் பறவைகளை விரட்டக் காஸ் வெடி போட்டுக்கொண்டே இருக்கும் வயல்கள் உண்டு. அங்கே ஒரு வெடிச்சத்தம் கூடினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நவம்பரில் காலை வேளையில் அங்கே போனோம். முதலாவது போனது. இரண்டாவது வரவில்லை. சுட்ட தோட்டாவின் வெற்று உறை வாயில் அகப்பட்டுக்கொண்டு நின்றது. நிர்மலன் சுருள்வில்லைக் குறை சொன்னான், மாற்றினோம். தோட்டாப் பெட்டியைக் குறை சொன்னான், அதையும் மாற்றினோம். கொட்டிலுக்குள் கொண்டுவந்தால் பசு மாதிரி சொன்னதைக் கேட்கும். வயலுக்குக் கொண்டுபோனால் செத்துப்போகும்.

நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். தூக்கம் கெட்டது. சென்ட்ரல் லைன் ரயில் ஓடாமல் கிடந்த சமயம். கூட்டமெல்லாம் எங்கள் டிஸ்ட்ரிக்ட் லைனில் வந்து ஏறியது. அத்தனை நெரிசலில் நின்றுகொண்டும் என் வலது கை அந்தப் பாகத்தை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நகர்ந்தாள். வேலையில் ஒரு கிழவரை லிஃப்டுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். என் வாழ்க்கையில் அப்படி நடந்ததே கிடையாது. நிம்மதி போனால் மனிதன் என்ன ஆவான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஜனவரி கடைசியில் பனி கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த ஞாயிறு அஜித்தா வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். சமையலறை ரேடியேட்டருக்கு மேல் அவளுடைய தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் நின்றது. நம் ஆட்கள் வீட்டில் அது எப்போதும் அங்கேதான் நிற்கும். மற்ற இடத்தில் வைத்தால் இந்த ஊர்க் குளிருக்கு மெழுகாகிவிடும். போத்தலில் மேல்பாதி உருகி, கீழ்ப்பாதி வெள்ளையாக இறுகியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

கொட்டிலில் ஹீட்டர் போட்டுத்தான் நிர்மலன் வேலை செய்வான். துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய்க் குப்பியையும் ஹீட்டருக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பான்.

அன்றைக்கு அவன் ஓவர்டைம் போயிருந்தான். நான் கொட்டிலுக்குப் போனேன். ஹீட்டர் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. துப்பாக்கியைத் திறந்தேன். உள்ளே, நகர வேண்டிய இடமெல்லாம் வெள்ளையாக, இறுகிப்போய்க் கிடந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். பின்னல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகளின் வாசனை. அதுவரை வெடிமருந்து நாற்றம் அதை என்னிடமிருந்து மறைத்திருந்தது. பட்டறைப் புகையில் நிர்மலனின் மூக்கு என்றைக்கோ செத்துப்போயிருந்தது. அவன் ஒவ்வொரு தடவையும் தன் கையாலேயே, பார்த்துப் பார்த்து, அந்த எண்ணெயைப் போட்டிருக்கிறான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

திரும்பினால் வாசலில் அஜித்தா தேநீர்க் கோப்பையோடு நிற்கிறாள்.

"விளங்கிட்டுது என்ன, அண்ணை?" என்றாள்.

"நீயா மாத்தினே?"

"ஓம். குப்பியைக் கழுவி, உருக்கி ஊத்தினனான். எனக்கு வேறை வழி தெரியேல்லை. பொலிசுக்குப் போனால் அவர் வெளியிலை வந்து என்னைக் கொல்லுவார். போகாட்டி அண்ணன் சாவான். இது இறுகிக் கிடந்தால் ரெண்டு பேரும் இருப்பம்." கோப்பையைக் கீழே வைத்தாள். "அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"சொல்ல மாட்டேன், தங்கச்சி," என்றேன்.

நான் சொல்லவில்லை. அதை நீங்கள் நிர்மலனிடமே கேட்டுப் பார்க்கலாம். தேங்காய் எண்ணெய் என்ற வார்த்தையே இன்றைக்கு வரை அவன் என் வாயிலிருந்து கேட்டதில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் மூன்றாம் ஆள் தலையிடக் கூடாது என்பது என் கொள்கை.

ஆனால் அந்த நிலைமையில் அதை எப்படி விட்டுவிட்டு வருவது? நீங்களே சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிறகு ஒரு பழுதைப் பழுதாகவே விட்டுவைப்பது எனக்கு அநியாயமாகப் பட்டது. வேறொரு நாள், அவள் கடைக்குப் போயிருந்த வேளையில், வந்து எல்லாவற்றையும் துடைத்து எடுத்தேன். குப்பியையும் கழுவி, லிஃப்டுக்குப் போடும் மெல்லிய எண்ணெயை ஊற்றி வைத்தேன். நிர்மலனிடம், "துடைச்சு வச்சிருக்கேன், பாரு," என்று மட்டும் சொன்னேன். திருநாளுக்குச் சில நாட்கள்தான் இருந்தன. வயலுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க நேரம் கிடைக்கவில்லை. அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. சோதித்துப் பார்க்காத வேலையை முடிந்த வேலை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

திருநாளுக்கு ஏன் போனாய் என்று கேட்டீர்கள். எல்லா வருடமும் போவேன்.

நல்ல வெயில், ஆனால் குளிர் காதைக் கடித்தது. அஜித்தா நீலச் சேலைக்கு மேல் தடித்த கோட்டுப் போட்டு, கோயில் வாசலில் பெண்களோடு நின்றாள். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தாள். வாயிலிருந்து ஆவி வந்தது.

"நல்லாக் குளிருது," என்று சொல்லிச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "அவர் காலமையே வெளிக்கிட்டிட்டார். அண்ணை, அது இன்னும் அப்பிடித்தானே?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"ஆமா," என்றேன். "ரெண்டாவது வராது."

ஒரு பெண்ணைத் திருநாளும் அதுவுமாகப் பயமுறுத்துவது முறையில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது நிம்மதி, அதைக் கொடுத்தேன். அவள் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

சுருவம் வெளியே வந்தது. முன்பக்க வலதுதடியில் கஸ்பர். பாடகர் குழுவின் கீபோர்டுப் பையோடு மதிலோரம் ஒருவன் நின்றான். அது நிர்மலன் என்று நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன். பையைத் திறந்தான். முதலாவது போனது. கஸ்பர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். கூடு சாய்ந்தது, மற்ற மூன்று பேரும் தாங்கிக்கொண்டார்கள். கூட்டம் சிதறி ஓடியது. பெற்றோர்கள் பிள்ளைகள் மேல் விழுந்து படுத்தார்கள்.

அஜித்தா மட்டும் ஓடவில்லை. அவள் நடந்தாள். அவசரமே இல்லாமல், அடுப்பை அணைக்கப் போகிறவள் மாதிரி நடந்து போய், கீழே கிடந்த தமையனுக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். இரண்டு கையையும் விரித்தாள்.

"இஞ்சாருங்கோ, காணும், விடுங்கோ," என்றாள். "இனி ஒண்டும் வராது. கீழை வையுங்கோ."

அவள் தைரியசாலி என்று பங்கில் பேசிக்கொள்கிறார்களாம், வீரமரணம் என்கிறார்களாம். அப்படி இல்லை. அவளுக்குப் பயப்பட அன்றைக்குக் காரணமே இருக்கவில்லை. நான் சொன்னதை நம்பினாள்.

நான் பார்த்தது அவளை இல்லை. உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். என் கண் நிர்மலனின் கையில் இருந்தது. முதலாவது போன உடனேயே வெற்று உறை வெளியே எகிறி, வெயிலில் மின்னி, கல்லில் விழுந்து உருண்டது. சுத்தமாக விழுந்தது. அடுத்தது உள்ளே வந்து உட்கார்ந்தது. ஆடிக்கொண்டிருந்த என் கால் நின்றது. அதற்கப்புறம்தான் இரண்டாவது சத்தம். அவள் கோட்டோடு உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள். நிர்மலன் அதைக் கீழே போட்டுவிட்டு அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

கஸ்பர் பிழைத்துவிட்டான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சந்தோஷம். அஜித்தாவைக் கொன்றது நிர்மலன். பழுதைச் சரிசெய்தது நான், வராது என்று சொன்னதும் நான். இதற்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ, காட்டுங்கள்.

நான் கல்நெஞ்சக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். அவள் எனக்குத் தங்கச்சி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவளை நினைத்து ரொம்ப நேரம் அழ வேண்டும் என்றுதான் படுத்தேன். ஆனால் நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக விடியும்வரை ஆழ்ந்து தூங்கிவிட்டேன். துக்கம் மனிதனை அவ்வளவு களைக்க வைத்துவிடுகிறது.