கன்னியம்மா எடுக்கச் சொன்ன டேக்

கன்னியம்மா: …அது இல்ல ஜெயா. பேரு இருக்கட்டும், போட்டோ இருக்கட்டும். அந்தப் பச்சைய மட்டும் எடுத்துடு.

ஜெயஸ்ரீ: எந்தப் பச்சை, அக்கா?

கன்னியம்மா: எங்க வூட்டுக்காரரு கையில பச்சை குத்தி கீதுன்னு கம்ப்யூட்டர்ல போட்டியே. அது.

ஜெயஸ்ரீ: நீதானக்கா சொன்ன? இதே மீனவர் சங்கத்து ஆபீஸ்ல, இதே சேர்ல உக்காந்து. வலது கையில, உம் பேருன்னு.

கன்னியம்மா: புயல் அடிச்ச மறுநாளு… இன்னா சொன்னேன்னு எனக்கே தெரியல. தப்பா சொல்லிட்டேன். அவருக்குப் பச்சையே கெடையாது.

ஜெயஸ்ரீ: பாஸ்கர் மாமாவுக்கா? வலை இழுக்கறப்ப நானே பாத்திருக்கேனே.

கன்னியம்மா: நீ பாத்தது அழுக்கா இருக்கும்.

ஜெயஸ்ரீ: அழுக்குல உம் பேரு எழுதியிருக்குமாக்கா?

கன்னியம்மா: வெளையாடாத.

ஜெயஸ்ரீ: வெளையாடல. எடுக்கறதுன்னா எதுக்குன்னு தெரியணும்ல.

கன்னியம்மா: ஒரு வார்த்தைய எடுத்தா இன்னா கொறஞ்சிடும்?

ஜெயஸ்ரீ: அந்த ஒரு வார்த்தைதான்க்கா ஆளைத் தேடிக் குடுக்கும். காசிமேட்டுல ஏலத்துக்குப் போற கூடையில, யாரு கூடைன்னு தெரிய துணி கட்டுவீங்கல்ல… அந்த மாதிரிதான். இதுக்குப் பேரு டேக்கு. மாமாவைப் பத்தி எழுதின குறிப்புல 'பச்சை'ன்னு ஒண்ணு கட்டினேன், 'தேடணும்'னு ஒண்ணு கட்டினேன்.

கன்னியம்மா: சரி.

ஜெயஸ்ரீ: ஆந்திரா பக்கத்துலேர்ந்து யாராவது போன் பண்ணி, கரையில ஒரு ஆளு, கையில பச்சைன்னு சொன்னா அதையும் எழுதி அதே டேக்கைக் கட்டுவேன். அப்புறம் 'பச்சை'யை அமுக்கினா, ரெண்டு குறிப்பும் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும்.

கன்னியம்மா: வந்து நிக்கும்…

ஜெயஸ்ரீ: ஆமா.

கன்னியம்மா: அப்பால?

ஜெயஸ்ரீ: ரெண்டையும் லிங்க்கு போட்டுக் கோப்பேன். இப்பவே மாமா பேரை அமுக்கினா புயல்ல காணாம போன அவரு படகு வரும். படகை அமுக்கினா அதுல போன ரெண்டு பேரும் வருவாங்க. மாமாவும், உன் தம்பி வல்லரசும்.

கன்னியம்மா: ஒருத்தன் கெடைச்சுட்டான்னு வையி. இன்னொருத்தன் இன்னா ஆவான்?

ஜெயஸ்ரீ: கெடைச்சவரைக் கேட்டு, எந்தப் பக்கம் போனாங்கன்னு தெரிஞ்சுகினு அங்க தேடுவாங்க.

கன்னியம்மா: கேக்கறதுக்கு அவன் உயிரோட இல்லன்னா?

ஜெயஸ்ரீ: இன்னாக்கா பேச்சு இது.

கன்னியம்மா: கேக்குறேன்ல. சொல்லு.

ஜெயஸ்ரீ: …படகு கவுந்துடுச்சுன்னு முடிவு பண்ணிடுவாங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை 'தேடணும்'ல யாரு இருக்காங்களோ அவங்க பேரைத்தான் தேடச் சொல்லி கவர்மெண்டுக்கு அனுப்பறோம். படகு போச்சுன்னு ஆயிட்டா, அந்த டேக்கை எடுக்கச் சொல்லுவாங்க.

கன்னியம்மா: வல்லரசுக்கும் சேத்து.

ஜெயஸ்ரீ: சேத்துதான்க்கா.

கன்னியம்மா: உம்…

ஜெயஸ்ரீ: மங்கை எப்படி இருக்கா?

கன்னியம்மா: நெறமாசம் ஆயிடுச்சு. காலு ரெண்டும் வீங்கி கீது. தம்பி பொண்டாட்டின்னு பேருதான், பொண்ணு மாதிரி என்னைப் புடிச்சிகினு கீறா. காத்தால எழுந்ததும் என் நெத்தியப் பாக்குறா. பொட்டு கீதான்னு பாத்துட்டுதான் ஒரு வாய் கஞ்சி குடிக்கிறா. 'அண்ணி பொட்டு வச்சிகினு கீறாங்கோ, அப்ப ரெண்டு பேரும் வந்துடுவாங்கோ'ன்னு பக்கத்து வூட்டுல சொல்லிகினு கீறாளாம்.

ஜெயஸ்ரீ: வச்சிகினுதான இருக்க.

கன்னியம்மா: வச்சிகினுதான் கீறேன்.

ஜெயஸ்ரீ: அப்ப மாமா வருவாருன்னு நம்பிக்கை இருக்கு. அவரு வந்து நின்னா, இங்க பச்சைன்னு எழுதியிருந்தா இன்னா, எழுதலன்னா இன்னா?

கன்னியம்மா: அந்தக் கதவைச் சாத்து மா. வெளிய சங்கத்துத் தலைவரு நிக்கிறாரு.

ஜெயஸ்ரீ: சாத்திட்டேன். சொல்லு.

கன்னியம்மா: புதன்கெழமை மங்கைகிட்ட மீஞ்சூர்ல கருவாடு விக்கப் போறேன்னு சொல்லிட்டு ரயிலேறினேன். மீஞ்சூர்ல எறங்கல. நெல்லூர் தாண்டிப் போனேன்.

ஜெயஸ்ரீ: தனியாவா?

கன்னியம்மா: யாரை இட்டுகினு போவ சொல்ற? காசிமேட்டுக்கு வந்து போற தெலுங்குக்காரரு ஒருத்தரு சொன்னாரு… அவங்க குப்பத்துக் கரையில ஒரு ஆளு ஒதுங்குனாரு, கையில தமிழ் எழுத்துன்னு. போனேன். பொதைச்சு முடிச்சுட்டாங்கோ. போட்டோ எடுத்து வச்சிருந்தாங்கோ. மூஞ்சி மூஞ்சியா இல்ல. கை மட்டும் நல்லா இருந்துச்சு.

ஜெயஸ்ரீ: அக்கா, போதும்…

கன்னியம்மா: எனக்குப் படிக்கத் தெரியாது ஜெயா. எம் பேரு மட்டும் தெரியும். கல்யாணம் ஆன புதுசுல, அந்தக் கையிலதான் வெரலை வச்சு ஒவ்வொரு எழுத்தா சொல்லிக் குடுத்தாரு. அதை நான் வேற யாரு கையின்னு சொல்லுவேன்? பொதைச்ச எடத்துல மண்ணு அள்ளிப் போட்டேன். பொட்டை அழிச்சுடலாம்னு நெத்தி வரைக்கும் கை போச்சு. மங்கை மூஞ்சி வந்து நின்னுச்சு. கொழந்தை பொறக்கட்டும். அது வரைக்கும் எந் தம்பியத் தேடட்டும். அவன் எங்கனா உயிரோட கரை ஏறி இருந்தாலும் இருப்பான்ல? அப்பால நானே வந்து எழுத வக்கிறேன், எங்க வூட்டுக்காரரு செத்துட்டாருன்னு. இப்ப அந்தப் பச்சைய எடுத்துடு மா.

ஜெயஸ்ரீ: அது அங்க இல்லக்கா. வியாழக்கெழமை அந்தக் குப்பத்துலேர்ந்து எனக்குப் போன் வந்துச்சு, கையில பச்சையோட ஒரு ஆளைப் பொதைச்சோம்னு. மெட்ராஸ்லேர்ந்து ஒரு அம்மா வந்து, மண்ணு மேல ரொம்ப நேரம் உக்காந்துட்டு, பேரு கேட்டா சொல்லாம போயிடுச்சுன்னாங்க. எழுதி 'பச்சை'ன்னு டேக்கு கட்டினேன். மாமா பக்கத்துல வந்து நின்னுச்சு. அது நீதானான்னு தெரியாம நான் எப்படிக்கா உங்கிட்ட வாயைத் தொறக்கறது? யாருகிட்டயும் சொல்லல. அன்னிக்கே கம்ப்யூட்டர்ல மாமா கையிலேர்ந்து உம் பேரை எடுத்துட்டேன். மாமாவும் வல்லரசும் 'தேடணும்'லயேதான் இருக்காங்க.