சாப்பிட்ட கையோடு குளித்தவன்

இந்த ஊரில் காபி சுமார்தான் ஐயா. குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், கேக்கெல்லாம் பிரமாதம். நேப்பிள்ஸ்காரன் நாக்குக்குக் காபி மட்டும் ஏறவில்லை. புடாபெஸ்டைச் சுற்றி முடித்துக் கடைசி நாள் காலையில்தான் என் மனைவி நுன்சியா ஒரு நல்ல காபிக் கடையைக் கண்டுபிடித்தாள். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

கோப்பைகள் வந்தன. எனக்குச் சர்க்கரை போட்டாள். பிறகு கார்மினேயின் கோப்பையை இழுத்து, ஒன்றரைக் கரண்டி போட்டுக் கலக்கி அவன் பக்கம் தள்ளினாள். எவ்வளவு என்று அவனைக் கேட்கவில்லை.

கார்மினே என் துணிக்கடைக்கு அடுத்த செருப்புக் கடைக்காரன். கல்யாணம் ஆகாதவன். தினமும் எங்கள் கடையில்தான் காபி குடிப்பான், போட்டுக் கொடுப்பது நுன்சியா. அளவு தெரியாமல் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் எனக்கு அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாதிக் கோப்பை வரைக்கும் அது தாங்கியது.

நான் சந்தேகப் பிராணி இல்லை. அப்படியிருந்தால் அவனையும் பயணத்துக்கு அழைத்திருப்பேனா? துணியின் நிறம் கடை விளக்கில் தெரியாது. வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அழைத்தேன். விரித்துப் பார்த்தேன். சந்தையில் அவன் பாஷை தெரியாமலே ஒரு கம்பளித் தொப்பிக்குக் கையாலும் புருவத்தாலும் பேரம் பேசினான். நுன்சியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னோடு இருக்கும்போதும் சிரிப்பாள்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டதில்லை.

அறையைக் காலி செய்து, பெட்டிகளை ஓட்டலிலேயே வைத்துவிட்டோம். விமானம் ராத்திரிதான். கிளம்புவதற்கு முன் வெந்நீர்க் குளத்துக்குப் போகலாம் என்றாள் நுன்சியா. முதலில் சாப்பாடு என்றேன் நான்.

எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும் ஐயா: சாப்பிட்ட கையோடு தண்ணீரில் இறங்கினால் செரிமானம் நின்று உயிர் போய்விடும். கடற்கரையில் பிள்ளைகள் அழுதாலும் தாய்மார் மூன்று மணி நேரம் குடைக்கடியில் உட்கார்த்திவைப்பார்கள். நானும் அப்படி உட்கார்ந்து வளர்ந்தவன், மனதார நம்பியவன். ஆகவே கார்மினேக்குக் குலாஷ் என்கிற இந்த ஊர் மாட்டிறைச்சிக் குழம்பு வாங்கிக் கொடுத்தேன். வாத்து ஈரல், மாவு உருண்டை, மேலே ஆல்பக்கோடாச் சாராயம். தட்டு காலியாகும்போதெல்லாம் நானே நிரப்பினேன்.

குளத்து வாசலில் அவன் தயங்கினான். "டேய் அனியெல்லோ, தின்னுட்டுத் தண்ணியில எறங்குறதா? எங்கம்மா இருந்தா செருப்பாலயே அடிப்பா. அதுவும் என் கடைச் செருப்பால."

"இந்த ஊர்க்காரங்க எல்லாம் எறங்கலையா? நல்லாத்தான இருக்காங்க," என்றேன்.

"வேணாம் கார்மினே. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போ," என்றாள் நுன்சியா.

நானும் அதே மேசையில்தான் சாப்பிட்டேன். என்னை உட்காரச் சொல்லவில்லை.

உள்ளே பனிக்கட்டி மாதிரி ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதில் குதிக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை என்று பந்தயம் கட்டினேன். குதித்தான். தலை முழுகி எழுந்தான். செக்கச்செவேலென்று நின்று, "நம்ம ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் நம்மள ஏமாத்திட்டாங்கடா! சின்ன வயசுல பாதிய குடைக்கடியிலேயே கழிச்சிட்டமே," என்று கத்தினான். நுன்சியாவுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது.

சாயம் போகாது என்று நம்பி வாங்கிய சரக்கு முதல் சலவையிலேயே வெளுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது எனக்கு. கோபம் வரவில்லை. ஏமாற்றம்தான்.

பிறகு திறந்தவெளிக் குளத்துக்குப் போனோம். வெளியே உறைபனி, தண்ணீரோ கொதிப்பு. ஆவியில் நீட்டிய கை தெரியவில்லை. எங்கோ கிழவர்கள் நெஞ்சளவு நீரில் நின்று சதுரங்கம் ஆடும் சத்தம் மட்டும் கேட்டது. நுன்சியா தலை காயவைக்க உள்ளே போயிருந்தாள். கார்மினே சாராய மயக்கத்தில் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தான்.

"நுன்சியா என்ன சொன்னா தெரியுமா?" என்றான். "கடையில ஒன்னோட மூஞ்சி இப்பல்லாம் பூட்டின ஷட்டர் மாதிரியே இருக்காம். 'நீயும் கூட வந்தா அவன் சிரிப்பான் கார்மினே'ன்னு கெஞ்சினா. அதுக்காகத்தான்டா நானும் கோமாளி மாதிரி குதிச்சேன். நீ என்னடான்னா ஒரு பல்லுகூடக் காட்டல."

அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதுதான் பொறுக்கவில்லை. என் முகத்தைப் பற்றிய பேச்சை அவள் அவனிடம் கொண்டுபோயிருக்கிறாள். இருவரும் சேர்ந்து எனக்காகக் கவலைப்பட்டிருக்கிறார்கள், நான் இல்லாத இடத்தில், தலைகளைக் கிட்டத்தில் வைத்து.

அவன் தோளில் கை வைத்தேன். சிநேகமாகத்தான் வைத்தேன், அவனும் கண்ணைத் திறக்காமல் என் கையைத் தட்டிக் கொடுத்தான். பிறகு இரண்டாவது கையையும் வைத்து அழுத்தினேன். சாப்பாடு, சாராயம், சூடு எல்லாம் சேர்ந்து அவனிடம் பலமே இல்லை. கிழவர்களில் ஒருவன் ஆட்டத்தில் ஜெயித்திருக்க வேண்டும், சந்தோஷமாக ஏதோ சொன்னான். அவர்கள் அடுத்த ஆட்டத்துக்குக் காய் அடுக்கி முடிக்கும் வரை நான் கையை எடுக்கவில்லை.

உங்கள் டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்றார். நுன்சியா தலையில் அடித்துக்கொண்டு, "சாப்பிட்டதும் எறங்காதன்னு சொன்னேனே," என்று அழுதாள். போலீஸ்காரர் நீங்களும் விபத்து என்று எழுதி வழக்கை மூடிவிட்டீர்கள். நான் பேசாமல் ஊர் திரும்பியிருக்கலாம்.

ஆனால் அழுகை நிற்கவில்லை ஐயா. நேற்றும் அழுதாள், இன்றும் அழுகிறாள், அவன் பெயரைச் சொல்லித்தான். போகிற போக்கைப் பார்த்தால் சாகும்வரை அவனையே நினைத்திருப்பாள் போலிருந்தது. அதை எப்படி விட முடியும்? அதனால்தான் நானாக வந்து சொல்கிறேன். இனி அவனை நினைக்கும்போதெல்லாம் அவள் முதலில் என்னைத்தான் நினைக்க வேண்டும். பொறாமை என்று எழுதிவிடாதீர்கள், அது எனக்குப் பழக்கமில்லாத குணம்.

எழுத வேண்டியதெல்லாம் எழுதிவிட்டீர்களா? மொழிபெயர்த்துச் சொல்லும் அம்மாவுக்கும் நன்றி. ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். கதவுக் கண்ணாடி வழியாக நுன்சியா தெரிகிறாள். அவள் தோளில் போர்த்தியிருக்கிற கோட்டு, அது உங்களுடையதா ஐயா?